யுரேனியமும் தோரியமும்: உடலுக்குள் போனால் என்ன செய்யும்?

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மிஞ்சியிருப்பவை ஈயக்குட்டைகளும் மணல் மேடுகளுந்தான். குட்டைகளில் மீன் வளர்க்கிறார்கள், மணல் மேடுகளில் வீடமைப்புத் திட்டங்கள் எழும்பிவிட்டன. அந்த மண்ணிலிருந்து ஈயத்தோடு சேர்ந்து இன்னொரு பொருளும் வெளியே வந்தது என்பது இன்றைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. கனமான, கறுப்பு நிறம் கலந்த அந்த மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன.

யுரேனியம் என்றதும் அணுகுண்டும் அணு உலையுமே நினைவுக்கு வருகின்றன. மலேசியாவில் அணுமின் நிலையம் இல்லை. ஆனாலும் யுரேனியம், தோரியம் ஆகியவற்றால் வரக்கூடிய உடல்நலக் கேடு நமக்குத் தொடர்பில்லாத விஷயம் அல்ல. ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் மேராவில் 1980களில் நடந்ததே அதற்குச் சான்று.

அமாங் மணலில் இருப்பது என்ன?

தோண்டியெடுத்த மணலை அலசி ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான மணல்தான் அமாங். இல்மனைட், சிர்கான், மோனசைட், செனோடைம் ஆகிய தாதுக்கள் அதில் கலந்திருக்கின்றன. இவை விலைபோகும் பொருள்கள். பீங்கான் ஓடுகளுக்குச் சிர்கான் வேண்டும். வெள்ளைச் சாயத்துக்கு மூலப்பொருள் இல்மனைட். மோனசைட்டிலிருந்தும் செனோடைமிலிருந்தும் அரிய மண் தனிமங்கள் கிடைக்கின்றன. வண்ணத் தொலைக்காட்சித் திரை முதல் மின்சாரக் கார் மோட்டார் வரை அவற்றுக்குத் தேவை இருக்கிறது.

மோனசைட்டில் தோரியம் கணிசமாக இருக்கிறது, சிறிதளவு யுரேனியமும் உண்டு. செனோடைமில் யுரேனியம் அதைவிடக் கூடுதல். மண்ணில் சிதறிக் கிடக்கும்போது இவற்றால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் தாதுவைப் பிரித்துக் குவிக்கும்போது கதிரியக்கமும் ஓரிடத்தில் குவிகிறது. காந்தத்தாலும் காற்றாலும் உலர்ந்த மணலைப் பிரிக்கும் அமாங் ஆலைகளில் தூசி பறக்கும். அந்தத் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கே முதல் ஆபத்து.

யுரேனியம் எப்படிப்பட்ட பொருள்?

யுரேனியத்தை 1789ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் மார்ட்டின் கிளாப்ரோத் கண்டறிந்தார். அது கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வெளிவிடுகிறது என்பதை 1896இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஹென்றி பெக்கரல் கண்டுபிடித்தார். வெள்ளிபோல் மின்னும் இந்த உலோகம் காரீயத்தைவிடவும் கனமானது. பூமியின் மண்ணில் சராசரியாகப் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ மூன்று பங்கு யுரேனியம் இருக்கிறது. கருங்கல் மலைகள் உள்ள இடங்களில் இந்த அளவு சற்றுக் கூடும். ஆகவே நாம் எல்லாரும் தினமும் உணவிலும் தண்ணீரிலும் மிகச் சிறிதளவு யுரேனியத்தை உட்கொண்டு வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இயற்கை யுரேனியத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் யுரேனியம்-238 என்ற வகை. அதில் பாதி சிதைவதற்கு ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். இவ்வளவு மெதுவாகச் சிதைவதால் அதன் கதிரியக்கம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. சிதைந்ததும் அது சும்மா இருப்பதில்லை. தோரியம், ரேடியம், ரேடான், பொலோனியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாறிக் கடைசியில் காரீயமாக நின்றுவிடுகிறது. இந்த வம்சத்தில் வரும் சில வாரிசுகள் மூதாதையைவிடப் பலமடங்கு ஆபத்தானவை.

வெளியே இருந்தால் ஒன்று, உள்ளே போனால் வேறு

யுரேனியம் பெரும்பாலும் வெளியிடுவது ஆல்ஃபா கதிர். இதைத் தடுக்க ஒரு தாள் போதும், நம் தோலின் மேற்பரப்பே தடுத்துவிடும். யுரேனியத் தாதுக் கல் ஒன்றைச் சற்று நேரம் கையில் எடுத்துப் பார்ப்பதால் நோய் வந்துவிடாது. அதே பொருள் மூச்சுக்காற்று, தண்ணீர், உணவு வழியாக உள்ளே போனால் நிலைமை வேறு. அங்கே தோல் என்ற கவசம் இல்லை. ஆல்ஃபா துகள் தன் சக்தி முழுவதையும் மிகச் சிறிய இடத்தில், பக்கத்திலிருக்கும் உயிரணுக்களின் மேல் இறக்கிவிடுகிறது.

உணவு, தண்ணீர் வழியாகப் போகும் யுரேனியத்தில் மிகப் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே ரத்தத்தில் சேர்கிறது. அதிலும் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் கழிந்துவிடும். மிஞ்சுவது எலும்பிலும் சிறுநீரகத்திலும் தங்குகிறது. சுவாசத்தில் போவது அதன் வடிவத்தைப் பொறுத்தது. நீரில் கரையும் வடிவம் என்றால் விரைவில் ரத்தத்துக்குப் போய்விடும். கரையாத தூசி நுரையீரலிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

முதலில் அடிபடுவது சிறுநீரகம்

கதிரியக்கப் பொருள் என்பதால் யுரேனியத்தின் முதல் பாதிப்பு புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் காரீயம், காட்மியம் போல அது ஒரு கன உலோக நஞ்சு. அதன் வேதியியல் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குகிறது. ரத்தத்தை வடிகட்டிய பிறகு உடலுக்கு வேண்டிய சத்துகளைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் நுண்குழாய்கள் அங்கே இருக்கின்றன. யுரேனியம் அவற்றின் சுவர் அணுக்களைச் சேதப்படுத்துகிறது. அப்போது புரதமும் சர்க்கரையும் சிறுநீரில் ஒழுகத் தொடங்கும். அதிக அளவில் உட்சென்றால் சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். குறைந்த அளவாக இருந்து, தொடர்பும் நின்றுவிட்டால் அந்த அணுக்கள் ஓரளவு மீண்டு வளரும்.

பின்லாந்தில் பாறைக்குள் துளையிட்ட ஆழ்கிணறுகளின் தண்ணீரில் இயற்கையாகவே யுரேனியம் மிக அதிகம். அதைப் பல ஆண்டுகள் குடித்தவர்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். சிறுநீரக நுண்குழாய்களின் வேலையில் சிறிய மாற்றங்கள் தெரிந்தன. சிறுநீரகம் பழுதாகிப்போனதாகக் காணப்படவில்லை. இத்தகைய ஆய்வுகளையெல்லாம் கருத்தில் கொண்டு, குடிநீரில் ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் யுரேனியம் இருக்கக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டி அளவு வகுத்துள்ளது. இந்த அளவு கதிரியக்கத்தை வைத்துக் கணக்கிட்டதல்ல, சிறுநீரகத்தை வைத்துக் கணக்கிட்டது.

சுரங்கத் தொழிலாளரைக் கொன்ற ரேடான்

யுரேனிய வம்சத்தில் மனிதருக்கு மிக அதிகக் கேடு செய்தது ரேடான் வாயு. நிறமில்லை, மணமில்லை. அது சிதைந்து உண்டாகும் நுண்துகள்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலுக்குள் போய்த் தங்குகின்றன. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு மர்ம மார்பு நோயால் இறந்துவந்தார்கள். அது நுரையீரலில் வளரும் கொடிய கட்டி என்று 1879இல் இரு மருத்துவர்கள் எழுதினர். காரணம் ரேடான் என்று புரிய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

புரிந்த பிறகும் அதே தவறு நடந்தது. அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ பழங்குடியினர் வாழும் நிலத்தில் 1944 முதல் 1986 வரை ஏறக்குறைய 3 கோடி டன் யுரேனியத் தாது தோண்டப்பட்டது. காற்றோட்டம் சரியில்லாத சுரங்கங்களில் நவஹோ ஆண்கள் வேலை செய்தார்கள். அங்கு இருக்கும் ஆபத்தை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தூசி படிந்த உடையோடு வீடு திரும்பியபோது அந்தத் தூசி குடும்பத்தையும் சேர்ந்தது. பலர் நுரையீரல் புற்றுநோய்க்குப் பலியான பின் 1990இல் இழப்பீட்டுச் சட்டம் ஒன்று அமெரிக்காவில் இயற்றப்பட்டது.

புகைபிடிப்பவர்களுக்கு ரேடானால் வரும் ஆபத்து, புகைபிடிக்காதவர்களைவிட 25 மடங்கு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தூசியில் வேலை செய்பவர் சிகரெட்டும் பிடித்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு நுரையீரலைத் தாக்குகின்றன என்று பொருள்.

ரேடானோடு ஒப்பிடும்போது, யுரேனியம் ஒன்றினால் மட்டுமே மனிதருக்குப் புற்றுநோய் வந்தது என்பது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் தாது இருக்கும் இடத்தில் யுரேனியம் தனித்து இருப்பதில்லை, ரேடியமும் ரேடானும் கூடவே இருக்கின்றன.

தோரியம் கற்பித்த பாடம்

அமாங் மணலில் அதிகம் இருப்பது தோரியம். அதில் பாதி சிதைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அதன் வாரிசுகளில் சில, உடலைத் துளைத்துச் செல்லும் வலுவான காமா கதிர்களை வெளியிடுகின்றன. அதனால் தோரியக் கழிவு குவிந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்பதே கதிர்வீச்சுக்கு ஆளாவதுதான்.

உடலுக்குள் போன தோரியம் என்ன செய்யும் என்பதை மருத்துவ உலகம் தன் தவற்றிலிருந்தே கற்றுக்கொண்டது. 1930களிலும் 1940களிலும் எக்ஸ்ரே படம் தெளிவாக விழுவதற்காக ‘தோரோட்ராஸ்ட்’ என்ற தோரிய மருந்தை நோயாளிகளின் ரத்தக் குழாயில் செலுத்தினார்கள். அப்போது யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மருந்து கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கிவிட்டது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அந்த நோயாளிகளிடையே கல்லீரல் புற்றுநோய் மிக அதிகமாக வெளிப்பட்டது. கதிரியக்கக் கேட்டின் இயல்பு இதுதான். இன்று விழும் அடி வலிப்பதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும்.

புக்கிட் மேராவில் நடந்தது

ஈப்போவுக்கும் லஹாட்டுக்கும் இடைப்பட்ட புக்கிட் மேரா புதுக்கிராமத்தை ஒட்டி ஏஷியன் ரேர் எர்த் என்ற ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனம் அதில் 35 விழுக்காட்டுப் பங்கு வைத்திருந்தது. அமாங்கிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பதப்படுத்தி அரிய மண் தனிமங்களைப் பிரிப்பதே அதன் வேலை. கழிவாக வந்தது தோரியம்.

அந்தக் கழிவை எங்கே வைப்பது என்பதே முதல் பிரச்சினை. பாரிட் என்ற இடம் பேசப்பட்டது, அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். அடுத்துப் பாப்பான் நகரம். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் சிபில் கார்த்திகேசு காயமுற்ற போராளிகளுக்கு மறைவாக மருத்துவம் பார்த்த அதே பாப்பான்தான். 1984இல் பாப்பான் மக்களும் சாலையில் இறங்கினார்கள். அங்கே வெட்டப்பட்ட குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்று நிபுணர்களும் கூறினர். 1985 ஜனவரியில் கிளேடாங் மலைத்தொடரில் வேறு இடத்தை அரசாங்கம் அறிவித்தது.

இதற்கிடையில் கழிவு ஆலையின் பக்கத்திலேயே போடப்பட்டுவந்தது. 1984 இறுதியில் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகப் பேராசிரியர் சடாவோ இச்சிக்காவா வந்து அளந்து பார்த்தார். பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பைவிடக் கதிர்வீச்சு மிக அதிகமாக இருப்பதாக அவர் சொன்னார். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆலைக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமத்தோடு ஆலை மீண்டும் திறந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் சுமார் 10,000 பேர் திரண்டு ஊர்வலம் போனார்கள். அக்டோபரில் நடந்த லாலாங் நடவடிக்கையில் போராட்டக்காரர்கள் சிலர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார்கள்.

1992 ஜூலை 11ஆம் தேதி உயர் நீதிமன்றம் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பதினான்கு நாளில் ஆலையை மூட உத்தரவு. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மேல்முறையீட்டில் 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. நிறுவனத் தரப்பு நிபுணர்களின் சாட்சியமே நம்பகமானது என்றும், குறை இருந்தால் உரிமத்தை ரத்து செய்யும்படி வாரியத்திடம்தான் முறையிட்டிருக்க வேண்டும் என்றும் அது கூறியது. வழக்கில் வென்றும் நிறுவனம் 1994 ஜனவரியில் ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது.

ஆலை மூடினாலும் கழிவு போகவில்லை. இடத்தைத் துப்புரவு செய்து, 80,000க்கும் மேற்பட்ட பீப்பாய் கதிரியக்கப் பொருளை மலையில் புதைக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. அதற்கான செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011இல் செய்தி வெளியானது. மிட்சுபிஷி கெமிக்கல் உள்ளூர்ப் பள்ளிகளுக்கு 164,000 டாலர் நன்கொடை வழங்கியது. நோய்களுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்பதே அதன் நிலைப்பாடு.

ஏன் நிரூபிக்க முடியவில்லை?

அந்த வட்டாரத்தில் எட்டுப் பேருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டதாகவும் அவர்களில் எழுவர் இறந்துவிட்டதாகவும் ஊர் மக்கள் சொல்லிவந்தார்கள். கருச்சிதைவுகளும் பிறவிக் குறைபாடுகளும் கூடிவிட்டதாகவும் புகார் இருந்தது. இவ்வளவு சிறிய ஓர் ஊருக்கு இது அதிகம் என்று மருத்துவர்கள் சிலர் கவலை தெரிவித்தனர். கதிர்வீச்சுதான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை, உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கதிர்வீச்சால் வந்த புற்றுநோயும் மற்றக் காரணங்களால் வந்த புற்றுநோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நோயாளியின் உடலில் எந்த முத்திரையும் இராது. ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் கண்காணித்து, வேறு ஊர் மக்களோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புலப்படும். அப்படிச் செய்ய வேண்டுமானால் ஆலை தொடங்கும் முன்பே மக்களின் உடல்நிலை பதிவாகியிருக்க வேண்டும். சிறிய ஊரில் எட்டு நோயாளிகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தற்செயல் என்று ஒருவரும் ஆலைதான் என்று இன்னொருவரும் சொல்ல முடியும். நிரூபிக்க முடியாமல் போனதாலேயே கேடு நடக்கவில்லை என்று ஆகிவிடாது. ஊரில் நடந்த ஒவ்வொரு மரணத்துக்கும் ஆலைதான் காரணம் என்று சொல்லவும் முடியாது.

பயம் எவ்வளவு வேண்டும்?

உலக சராசரியில் ஒருவர் இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறார். இதற்கு மேல் தொழில் நடவடிக்கைகளால் பொதுமக்களுக்குச் சேரும் அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது, கதிர்வீச்சுத் தொழிலாளருக்கு 20 மில்லிசீவர்ட் என்பது அனைத்துலக வரம்பு. மலேசியாவிலும் இதுவே பின்பற்றப்படுகிறது. ஈயக்குட்டையைக் கடந்து போவதாலோ குழாய்த் தண்ணீரைக் குடிப்பதாலோ யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றால் உடனே தண்ணீரையும் ஆலையையும் சந்தேகிப்பதும் சரியல்ல. இந்நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலைக்கு மக்களைத் தள்ளும் முதல் காரணம் நீரிழிவு நோய். அடுத்து ரத்தக் கொதிப்பு. நம் சமூகத்தில் இவை இரண்டும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை

அமாங், சிர்கான் மணல், அரிய மண் தாது கையாளும் இடங்களில் வேலை செய்பவர்கள் தூசிக்கு ஏற்ற முகக்கவசம் கேட்டுப் பெற வேண்டும். மூக்கில் துணியைக் கட்டிக்கொள்வது போதாது. வேலையிடத்தில் சாப்பிடுவதும் புகைபிடிப்பதும் தூசியை நேராக உள்ளே அனுப்பும் வழி. வேலை உடையை அங்கேயே மாற்றிவிட்டு, கை முகம் கழுவிய பிறகே வீடு திரும்ப வேண்டும். பிள்ளையைத் தூக்குவது அதன் பிறகுதான்.

கதிர்வீச்சு அளவி அணியச் சொல்லும் இடமென்றால், அதில் பதிவான அளவைத் தெரிந்துகொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அந்தப் பதிவையும் வேலை செய்த ஆண்டுகளின் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். நோய் இருபது ஆண்டு கழித்து வந்தால், எங்கே வேலை செய்தார் என்று காட்ட அந்தக் காகிதங்கள்தான் துணை. தொழில்சார் நோய்க்குச் சொக்சோவிடம் இழப்பீடு கோரும்போதும் அவை தேவைப்படும். கர்ப்பமுற்ற பெண் அதை நிர்வாகத்திடம் உடனே தெரிவிக்க வேண்டும். வயிற்றிலுள்ள குழந்தைக்கான வரம்பு தாய்க்கு உள்ளதைவிட மிகக் குறைவு.

மருத்துவரிடம் போகும்போது பழைய வேலையையும் சொல்ல வேண்டும். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் ஆகிய சோதனைகள் அரசாங்கக் கிளினிக்கிலேயே செய்யப்படுகின்றன. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை அவை காட்டும், காரணம் யுரேனியமா என்பதைக் காட்டா. யுரேனியத்தை அளக்கும் சிறுநீர்ச் சோதனை தனி ஆய்வுக்கூடத்தில்தான் முடியும். அதுவும் பெரும்பாலும் அண்மையில் உட்சென்றதையே காட்டும்.

தாது ஆலைக்கோ பழைய அமாங் குவியலுக்கோ பக்கத்தில் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், யுரேனியம் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். கரி வடிகட்டியும் இதற்குப் போதுமானதல்ல. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையிலான வடிகட்டி யுரேனியத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடும். பழைய ஆலை இடத்து மணலையோ மண்ணையோ வீட்டு வேலைக்கு அள்ளிவருவதைத் தவிர்க்க வேண்டும்.

அரிய மண் தொழில் மலேசியாவில் முடிந்த கதையல்ல. குவாந்தானை அடுத்த கெபெங்கில் லைனாஸ் ஆலை 2012இலிருந்து இயங்கிவருகிறது. அதன் கழிவு பற்றிய விவாதமும் அன்றிலிருந்தே தொடர்கிறது. உலகுக்கு இத்தாதுக்கள் தேவைப்படும்வரை புதிய ஆலைகளும் வரும். வேலையும் வருமானமும் வேண்டாம் என்று எந்த ஊரும் சொல்லாது. ஆனால் ஆலை திறக்கும் முன்பே கேட்டுப் பதில் பெற வேண்டிய கேள்விகள் சில உள்ளன. கழிவு எங்கே போகும்? யார் அளப்பார்கள்? அளந்ததை ஊருக்குச் சொல்வார்களா? இன்றைய மக்களின் உடல்நிலையை யார் பதிவு செய்து வைப்பார்கள்? புக்கிட் மேரா மக்கள் இந்தக் கேள்விகளோடு நீதிமன்றப் படியேறியபோது ஆலை ஓடத் தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.